மரம் நம்மது, அளவு டேப் மட்டும் ஏன் அவங்க கையில?

(நமது விவசாய அணிக் கூட்டத்தில் மாவட்டப் பொறுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசா படிங்க, மரம் வச்சிருக்கிற உங்க சொந்தக்காரங்களுக்கும் பகிருங்க.)



நெல்லுக்கு விலை கேட்டிருக்கோம். கரும்பு நிலுவைக்கு ஆலை வாசல்ல உக்காந்திருக்கோம். ஆனா மரத்தைப் பத்தி எந்த மேடையிலயும் பேச்சு வர்றதில்ல. கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு போடாத ஊர் எத்தனை இருக்கு? டெல்டாவுல வரப்போரம் தேக்கு நிக்குது. பொண்ணு பொறந்தப்போ நட்ட மரத்தை, அவ கல்யாணத்துக்கு வெட்டுறது நம்ம ஊர் வழக்கம். இருபது வருஷம் வளர்த்த மரத்தை எப்படி விக்கிறோம்? தோப்புக்குள்ள தரகர் ஒரு சுத்து சுத்தி வர்றார். "மொத்தமா இவ்வளவு தர்றேன்"ங்கிறார். கல்யாணத் தேதி நெருங்கிடுச்சு, தலையை ஆட்டிடுறோம். அரை மணி நேரத்துல இருபது வருஷம் முடிஞ்சு போச்சு.

அரசாங்கம் தன்னோட மரத்தை இப்படி விக்குதா? கிடையாது. வனத்துறைக் கிடங்குல ஒவ்வொரு கட்டைக்கும் நம்பர் போட்டு, நீளம், சுற்றளவு எழுதி, ஏலம் விடுறாங்க. கேரளாவுல வனத்துறைக் கிடங்குத் தேக்கு ஆன்லைன் ஏலத்துக்கே வருது. அரசு மரத்துக்கு அளவு உண்டு, ஏலம் உண்டு. விவசாயி மரத்துக்குக் கண் மதிப்பு. இதைத்தான் நம்ம கட்சி கேள்வி கேக்குது.

இப்போ அளவுக்கு வருவோம். கொஞ்சம் கணக்கு, பொறுமையா கேளுங்க. இளைஞர்கள் போன்ல குறிச்சுக்குங்க. தேக்குக் கட்டையை எப்படி அளக்கிறாங்க? சுற்றளவை நாலால வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால பெருக்குறாங்க. 10 அடி நீளக் கட்டை, நடுவுல சுற்றளவு 48 இன்ச்னு வைங்க. நாலுல ஒரு பங்கு 12 இன்ச், அதாவது ஒரு அடி. கணக்கு 10 கன அடி. ஆனா பள்ளிக்கூடத்துல படிச்ச வட்டக் கணக்குப்படி அதே கட்டையில கிட்டத்தட்ட 12.7 கன அடி மரம் இருக்கு. இது ஏமாத்து இல்ல, ரொம்ப காலமா இருக்கிற வியாபார வழக்கம். விலையும் இந்தக் கணக்கை வச்சுத்தான் பேசப்படுது. அதனால கன அடிக்கு என்ன விலைன்னு மட்டும் கேக்காதீங்க, எந்தக் கணக்குல கன அடின்னும் கேளுங்க.

ஏமாத்து எங்க நடக்குதுன்னா, டேப்பை எங்க வைக்கிறாங்கங்கிறதுல. நடுவுல அளக்க வேண்டியதை நுனிப் பக்கம் அளந்தா, அதே கட்டை 42 இன்ச் காட்டும். கணக்கு 7.66 கன அடிக்கு இறங்கிடும். ஒரே கட்டையில கிட்டத்தட்ட கால்வாசி காணோம்! அதுக்கு மேல பட்டைக்குக் கழிவு, அரை இன்ச்சைத் தள்ளுறதுன்னு தனித்தனியா போகும். ஒரு டேப் என்ன விலை இருக்கும்? வாங்கி வீட்டுல வைங்கய்யா.

சவுக்குக்கும் தைலமரத்துக்கும் டன் கணக்கு. அங்க ஏமாறுற இடம் வேற. வெட்டின பச்சை மரம் வெயில்ல கிடந்தா நாளுக்கு நாள் எடை குறையும். வெட்டிப் போட்டுட்டு "லாரி வரல"ன்னு ஒரு வாரம் இழுத்தா நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். வெட்டின எத்தனை நாளுக்குள்ள எடை போடணும்னு முன்னாடியே பேசிடுங்க. காலி லாரியை நம்ம கண்ணு முன்னாடி எடை மேடையில ஏத்தணும், லோடு ஏத்தின பிறகு அதே மேடையில மறுபடியும் ஏத்தணும், ரெண்டு சீட்டும் நம்ம கையில வரணும்.

வியாபாரி எல்லாரும் திருடன்னு நான் சொல்ல வரல. வெட்டுக்கூலி, லாரி வாடகை எல்லாம் அவங்க கைக்காசு போட்டுத்தான் செய்றாங்க. நேர்மையானவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. அப்படிப்பட்டவருக்கு எழுதிக் கையெழுத்துப் போடுறதுல என்ன கஷ்டம்? எத்தனை மரம், எத்தனை நாள்ல வெட்டி முடிக்கணும், வெட்டுக்கூலி யாரோடது, பக்கத்து வயல் பயிர் நாசமானா யார் பொறுப்பு, பணம் எப்போங்கிறதை ஒரு தாள்ல எழுதுங்க. முன்பணம் கொடுத்து நல்ல மரமா பார்த்து வெட்டிக்கிட்டு, கோணல் மரத்தையும் குச்சியையும் நம்ம தலையில விட்டுட்டுப் போற கதை எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்க பார்ப்போம்! (கூட்டத்தில் பலர் கை தூக்குகிறார்கள்.)

சந்தன மரம் வச்சிருக்கவங்க பாடு தனி. 2002-ல வனச் சட்டத்தைத் திருத்தின பிறகு பட்டா நிலத்துச் சந்தனம் நில உரிமையாளருக்கே சொந்தம். 2008-ல விதிகளும் வந்தாச்சு. ஆனா விக்கணும்னா வனத்துறை வழியாத்தான் விக்க முடியும். திருடன் ராத்திரி ஒரு மணிக்கு வெட்டிட்டுப் போயிடுறான், சொந்தக்காரன் மனு எழுதிட்டுக் காத்திருக்கான். மலைப்பகுதியில இருக்கவங்களுக்கு 1955-ஆம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் வேற இருக்கு. காடும் மலையும் காக்கப்படணும், அதுல நமக்கு மாற்றுக் கருத்தே இல்ல. நாம கேக்கிறது, மனுவுக்கு ஒரு காலக்கெடு.

கரும்பைப் பாருங்க. வெட்டி அனுப்பின 14 நாளுக்குள்ள ஆலை பணம் தரணும், தாமதமானா வருஷத்துக்கு 15 சதவீத வட்டி தரணும்னு 1966-ஆம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. ஆலைகள் அதை மதிக்கிறதில்லங்கிறது வேற சண்டை. ஆனா சண்டை போட ஒரு சட்டமாவது கையில இருக்கு. மரத்துக்கு என்ன இருக்கு?

2011 டிசம்பர்ல தானே புயல், 2018 நவம்பர்ல கஜா. விழுந்த மரத்தை விக்கிறதுக்குப் பதிலா, அதை அப்புறப்படுத்தக் கைக்காசு செலவழிச்ச குடும்பங்களை நாம பார்த்திருக்கோம். நிவாரணம் அறிவிக்கிற அரசு, விழுந்த மரத்தை வாங்க ஒரு தற்காலிகக் கிடங்கு திறக்க முடியாதா? கரூர் புகளூர்ல காகித ஆலை நடத்துறதே தமிழ்நாடு அரசு நிறுவனம்தானே!

அதனால நம்ம கோரிக்கை இதுதான். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள்ல பருத்தியும் நிலக்கடலையும் ஏலம் போற மாதிரி, மரத்துக்கும் ஏல நாள் வேணும். அளக்க ஒரு அரசு ஆள் வேணும். பணத்துக்குக் கெடு வேணும்.

அது வர்ற வரைக்கும் ஒண்ணை மறக்காதீங்க. தக்காளி காத்திருக்காது, மரம் காத்திருக்கும். இன்னைக்கு விலை படியலன்னா அடுத்த மாசம் விக்கலாம், அதுக்குள்ள அது கெட்டுப் போகாது. ஒரே ஆள்கிட்ட மட்டும் விலை கேக்காதீங்க, மூணு பேரைக் கூப்பிடுங்க. பக்கத்துத் தோப்புக்காரரும் நீங்களும் சேர்ந்து வித்தா லாரி நிறையும், விலை பேசவும் தெம்பு வரும். தேக்கும் சந்தனமும் அடங்கல்ல ஏறியிருக்கான்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல இப்பவே பார்த்துடுங்க.

அடுத்து வர்ற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள்ல கலெக்டர்கிட்ட இந்த மனுவைக் கொடுக்கப் போறோம். பழைய எடைச் சீட்டு, மரம் வித்த துண்டுச்சீட்டு எது இருந்தாலும் நகல் எடுத்து ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட கொடுங்க. மனுவோட அதையும் இணைக்கணும்.

#மரத்துக்கும்_விலை_வேண்டும் #விவசாய_அணி