தண்ணித் தொட்டியைக் கவனிப்போம்



மலையிலிருந்து பீலிக்கு வரும் தண்ணி சுத்தமானது என்றே நாம் நினைக்கிறோம். பார்வைக்குக் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். ஆனால் மேல் லயத்துக் கானும் மலசலகூடமும் மழையோடு ஊற்றில் கலந்தால், வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி எல்லாம் அந்தத் தண்ணியோடேயே வரும். அதிகம் கஷ்டப்படுவது சின்னப் பிள்ளைகள். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தாய்க்கு அன்றைய பேரும் இல்லை.

தொட்டிக்குக் குளோரின் போட்டால் போதுமே என்று சிலர் எங்களிடம் சொல்கிறார்கள். போதாது. அடியில் சேறு கிடந்தால் குளோரினின் பலத்தைச் சேறே தின்றுவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. ஆகவே முதலில் தொட்டியை இறைத்து, சேற்றை அள்ளி, சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். நல்ல மூடி போடுங்கள். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் கலந்து, 30 நிமிடமாவது விட்டுத் தண்ணி பிடியுங்கள். குளோரின் தூளை வெறுங்கையால் அள்ளக் கூடாது. டின்னைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுப் பலம் போய்விடும்.

வீட்டில் குடிக்கிற தண்ணியை, நன்றாகக் கொதித்து வந்தபின் 1 நிமிடம் விட்டு இறக்கி, மூடி ஆறவையுங்கள். மருந்தடித்த வெற்றுக் கேனை எவ்வளவு கழுவினாலும் அதில் தண்ணி பிடிக்க வேண்டாம்.

தொட்டி எல்லோருக்கும் பொது. கழுவுவதும் பொதுவாகவே இருக்கட்டும். காம்பராவுக்கு ஒருவர் வந்தாலே வேலை சுருக்கா முடியும். நாள் குறியுங்கள், நாங்களும் வாளியோடு வருகிறோம்.