மார்பக அமைப்பு: எது இயல்பு, எதற்கு அறுவைச் சிகிச்சை?

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் பேசியதன் எழுத்து வடிவம்.)

இந்தத் தலைப்பை நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா வேண்டாமா என்று சங்கத்தில் ரெண்டு நாள் யோசித்தார்களாம். கடைசியில் ‘மகளிர் நலம்’ என்று மட்டும் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். பரவாயில்லை, எப்படியோ கூட்டம் வந்துவிட்டது.

நான் டாக்டர் இல்லை. பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். அங்கே வரும் பெண்பிள்ளைகளில் பலர் கல்யாணம் நிச்சயமான பிறகுதான் வருவார்கள். பதினைந்து வயதிலிருந்து மனசுக்குள் வைத்திருந்த கேள்வியைப் பத்திரிகை அடித்த பிறகு வந்து கேட்பார்கள். கூட வந்த அம்மாவுக்கே அன்றைக்குத்தான் விஷயம் தெரியும். மூன்று வாரத்தில் முகூர்த்தம் என்றால் எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்? அதனால்தான் இதை இங்கே உட்கார்ந்து பேசலாம் என்று கேட்டுக்கொண்டேன்.

முதலில், ரெண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் பெண்கள் மிகக் குறைவு. ஒரு பக்கம் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் இறக்கம், காம்பு வேறு திசை பார்ப்பது எல்லாம் இயல்பு. வயதாகும்போதும், உடம்பு ஏறி இறங்கும்போதும், பிள்ளை பெற்ற பிறகும் தொய்வதும் இயல்பு. பால் கொடுத்தால் தொய்ந்துவிடும் என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். வயது, உடல் எடை, எத்தனை பிரசவம், புகைப் பழக்கம் இவைதான் காரணமாகத் தெரிந்தன. தாய்ப்பால் கொடுத்தது காரணமாகத் தெரியவில்லை. மருமகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

அடுத்தது குழந்தைகள் விஷயம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நம் கையாலேயே கெடுதல் நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு லேசாக வீங்கி ஒரு சொட்டுப் பால் போலக் கசியும். தாயின் ஹார்மோன் குழந்தை உடம்பில் மிச்சம் இருப்பதால் வருவது அது. சில வாரங்களில் தானாக அடங்கிவிடும். ஆனால் குளிப்பாட்டும்போது அமுச்சியோ ஆத்தாளோ ‘பால் கட்டியிருக்கு’ என்று பிதுக்கிவிடுவார்கள். நகம் பட்டு, கிருமி போய், சீழ் கட்டி, கத்தி வைக்கும்படி ஆகலாம். பிற்காலத்தில் மார்பாக வளரவேண்டிய மொட்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அது சிதைந்தால் பன்னிரண்டு பதிமூன்று வயதில் ஒரு பக்கம் வளராது. காரணம் யாருக்கும் ஞாபகம்கூட இருக்காது.

இதே மொட்டுதான் எட்டு வயதிலிருந்து பதிமூன்று வயதுக்குள் முளைக்கத் தொடங்கும். பல பிள்ளைகளுக்கு முதலில் ஒரு பக்கம் மட்டும் புளியங்கொட்டை மாதிரி கெட்டியாகத் தென்படும், தொட்டால் வலிக்கும். கட்டி என்று பயந்து வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவையானால் ஸ்கேன் எடுப்பார். சில மாதத்தில் அடுத்த பக்கமும் முளைத்துவிடும்.

தீக்காயமும் அப்படித்தான். தவழும் குழந்தை சூடான பாலையோ ரசத்தையோ இழுத்துக் கொட்டிக்கொள்ளும். மேல்தோல் ஆறிவிடும், ஆனால் தழும்பு இறுகிக் கிடக்கும். பருவ வயதில் உள்ளே வளரும் மார்பு அந்தத் தழும்புக்குக் கீழே அமுங்கிப் போகும். அதற்குத் தழும்பைத் தளர்த்தி, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவார்கள். நெஞ்சில் தீக்காயத் தழும்பு உள்ள பெண்குழந்தையைப் பத்து வயது வாக்கில் ஒருமுறை பிளாஸ்டிக் சர்ஜனிடம் காட்டிவிடுவது நல்லது.

பிறவியிலேயே வரும் அமைப்புகளில் ரெண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, அடிப்பாகம் குறுகி, கீழ்மடிப்பு மேலே ஏறி, காம்பைச் சுற்றிய கருவட்டம் பெரிதாகி முன்னே துருத்திக்கொண்டு, குழாய் போல இருப்பது. 1976-ல் ரீஸ், ஆஸ்டன் என்ற ரெண்டு அமெரிக்க டாக்டர்கள் கிழங்கு வடிவம் என்று பொருள்படும் பெயரை இதற்கு வைத்தார்கள். எனக்குப் பிடிக்காத பெயர். உள்ளே இறுகிய திசு வளையம் போல நின்று வளர்ச்சியைத் தடுப்பதுதான் காரணம். அறுவையில் அந்த வளையத்தைக் கீறித் தளர்த்தி, கருவட்டத்தைச் சிறிதாக்கி, தேவைப்பட்டால் இம்ப்ளாண்ட் வைப்பார்கள், அல்லது வயிறு தொடையிலிருந்து கொழுப்பை எடுத்து நிரப்புவார்கள். ரெண்டு கட்டமாகவும் செய்ய வேண்டியிருக்கலாம். இவர்களில் சிலருக்குப் பால் சுரப்பு குறைவாக இருக்கும். பிரசவத்துக்கு முன்பே தெரிந்திருந்தால், ‘பால் இல்லாதவள்’ என்ற பேச்சை அந்தப் பெண் கேட்கவேண்டியதில்லை.

இன்னொன்று போலந்து குறைபாடு. போலந்து நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1841-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் போலந்து என்பவர் விவரித்தது. ஒரு பக்கம் நெஞ்சுத் தசையின் பெரும்பகுதி இருக்காது, மார்பும் வளர்ந்திருக்காது. சிலருக்கு அதே பக்கக் கை சிறுத்து, விரல்கள் ஒட்டியிருக்கும். ஆண்களுக்கும் வரும். முதுகுத் தசை ஒன்றை ரத்தக்குழாயோடு முன்பக்கம் திருப்பி வைத்து இதைச் சரிசெய்யலாம். ஒட்டிய விரலைச் சின்ன வயதிலேயே பிரிக்க வேண்டும். கை அறுவைக்கு நம் கோவை கங்கா மருத்துவமனையைத் தேடி வெளிநாட்டு டாக்டர்களே பயிற்சிக்கு வருகிறார்கள். நாம் தூரம் போகவேண்டியதில்லை.

இப்போது பெரிய மார்பகம். இதை வெளியில் யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பாருங்கள், கழுத்து வலி, தோள் வலி, தோளில் ப்ரா பட்டை பதிந்த பள்ளம், சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வேர்த்துப் புண். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் வந்தால் அந்தப் பிள்ளை வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிடும், நடக்கும்போது குனிந்தே நடக்கும். நாம் ‘நிமிர்ந்து நட கண்ணு’ என்கிறோம். அவள் எப்படி நிமிர்வாள்? இதற்குக் குறைப்பு அறுவை உண்டு. கூடுதல் திசுவை எடுத்துவிட்டு, ரத்த ஓட்டம் அறாமல் காம்பை மேலே நகர்த்துவார்கள். நங்கூரம் போல ஒரு தழும்பு நிற்கும். காம்பில் உணர்ச்சி குறையலாம், பின்னால் பால் கொடுப்பது சிரமமாகலாம். இதைக் கல்யாணமாகாத பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். இருந்தும், தோள் வலி போச்சு என்று அவர்கள் சொல்லும்போது முகத்தில் தெரிவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்குளில் வீக்கம் என்று கர்ப்பிணிகள் பயந்து வருவார்கள். பெரும்பாலும் அது அங்கே தங்கிவிட்ட மார்புத் திசுதான். டாக்டர் பார்த்து அதுதான் என்று சொல்லிவிட்டால், தொந்தரவு தராதவரை விட்டுவிடலாம். வலித்தால் எடுத்துவிடலாம்.

பையன்கள் விஷயமும் ஒரு வார்த்தை. பருவ வயதில் மார்பு புடைப்பது அவர்களுக்கும் சகஜம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருஷத்தில் அடங்கும். சட்டையைக் கழற்றிக் கிணற்றில் குதிக்க மறுக்கும் பையனைக் கேலி செய்யாதீர்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் பிறவியிலோ பருவத்திலோ வந்து அப்படியே இருப்பவை. புதிதாக மாறினால் கதையே வேறு. நன்றாக இருந்த காம்பு உள்ளே இழுத்துக்கொண்டது, தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி ஆனது, குழி விழுந்தது, ரத்தம் கசிகிறது, ஒரு பக்கம் மட்டும் சில மாதத்தில் பெருத்தது என்றால் வடிவத்தைத் திருத்தப் போகக்கூடாது. உடனே கட்டிக்கான பரிசோதனைக்குப் போங்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பக்கம் வேகமாகப் பெருத்தாலும் ஸ்கேன் வேண்டும், உள்ளே பெரிய கட்டி ஒளிந்திருக்கலாம். நாற்பது தாண்டியவர்கள் எந்த மார்பக அறுவைக்கு முன்பும் மேமோகிராம் எடுக்க வேண்டும். வெட்டி எடுத்த திசுவைப் பயாப்சிக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கள்.

அறுவைக்கு அவசரமே கிடையாது. வளர்ச்சி நின்ற பிறகு, பொதுவாகப் பதினெட்டு வயது தாண்டித்தான் செய்வார்கள். இம்ப்ளாண்ட் வைப்பதானால் அது ஆயுளுக்கும் இருக்கும் பொருள் இல்லை, ஒருநாள் மாற்ற வேண்டிவரும். பிரான்சில் ஒரு கம்பெனி தொழிற்சாலை சிலிகானை அடைத்து விற்றது 2010-ல் வெளிவந்தது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒருவகை இம்ப்ளாண்ட் அரிதான ஒரு புற்றுநோயோடு தொடர்புடையது என்று 2019-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். அதனால் எந்தக் கம்பெனி, எந்த எண் என்ற அட்டையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பியூட்டி பார்லர் மாடியில் செய்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

பணம். அழகுக்காகச் செய்வதற்கு மருத்துவக் காப்பீடு தராது. ஆனால் விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், மருத்துவக் காரணத்துக்காகத் தேவை என்று டாக்டர் சான்று தரும் அறுவைக்கும் இந்த விலக்கு பொருந்தாது. பாலிசியில் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு, சான்றிதழோடு முன்அனுமதி கேளுங்கள். 2018-ல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இந்த அறுவைகளை இலவசமாகச் செய்வதாக அறிவித்தபோது, இது அரசாங்கம் செய்யவேண்டிய வேலையா என்று பத்திரிகைகளில் விமர்சனம் வந்தது. பவர்லூம் பட்டறையிலும் பனியன் கம்பெனியிலும் பத்து மணி நேரம் நின்று, தோள்வலியோடு வீட்டுக்கு வரும் பெண்ணைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சரிங்க, வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்திருக்கிறேன். கேட்க வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் போடுங்கள். பேரும் வேண்டாம், வீட்டு நம்பரும் வேண்டாம். எனக்குத் தெரிந்ததற்கு இப்போதே பதில் சொல்கிறேன், மற்றதை டாக்டரிடம் கேட்டு அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.