மோட்டார் வாகனங்களில் மின்னணுக் கட்டுப்பாடும் தொழிலாளர் பயிற்சியும்
(உரையின் எழுத்து வடிவம்)

1983 டிசம்பரில் மாருதி 800 கார் வெளிவந்தபோது, அதன் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்தது கார்பரேட்டர். அதைப் பழுது பார்ப்பவருக்கு ஒரு திருப்புளியும், சில ஸ்பானர்களும், எஞ்சினின் ஓசையை அறிந்த செவியும் போதுமானவையாக இருந்தன. பின்னர் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாகக் கடுமையாயின. பாரத் நான்காம் நிலை விதிகள் 2010இல் முக்கிய நகரங்களிலும், 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதிலும் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரல் முதல் ஆறாம் நிலை விதிகள் அமலாயின. இவ்விதிகள் கோரும் நுட்பமான அளவில் எரிபொருளைச் செலுத்துவது கார்பரேட்டரால் இயலாது. ஆகவே அப்பொறுப்பு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் சென்றது.

இம்மாற்றத்தால் காற்று மாசு குறைய வழி பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், சாலையோரப் பணிமனைகளில் பிழைப்பு நடத்தும் தொழிலாளர் பலருக்கு இப்பெட்டி இன்னமும் திறக்க முடியாத புதிராகவே உள்ளது. பெட்டிக்குள் இருப்பதை அவர்கள் அறிய வேண்டியதில்லை. அதனுள் செல்லும் கம்பிகளையும், அவை வந்து சேரும் பின்களையும் அறிந்தால் போதும்.

பின்களின் வகைகள்

கட்டுப்பாட்டுப் பெட்டியை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒப்பிடலாம். வட்டங்களிலிருந்து அறிக்கைகள் வருகின்றன. அவற்றை ஆராய்ந்து ஆணைகள் பிறப்பிக்கப்படுகின்றன. அறிக்கை தருபவை சென்சார்கள். ஆணையை நிறைவேற்றுபவை இன்ஜெக்டர், இக்னிஷன் காயில் போன்றவை.

பெட்டியின் பின்கள் எத்தனை இருப்பினும் அவற்றை ஐந்து வகைகளில் அடக்கிவிடலாம். முதலாவது, பாட்டரியிலிருந்து மின்சாரம் கொண்டுவருபவை. இவற்றுள் எப்போதும் மின்சாரம் உள்ளவையும், சாவியைத் திருப்பிய பின்னரே மின்சாரம் பெறுபவையும் உண்டு. இரண்டாவது, எர்த் பின்கள். மூன்றாவது, சென்சார்களுக்கு உரியவை. பல சென்சார்கள் 5 வோல்ட் அளவில் இயங்குகின்றன. நான்காவது, ஆணை செல்லும் பின்கள். பெட்ரோல் இன்ஜெக்டருக்குப் பொதுவாக 12 வோல்ட் வேறு வழியாக வந்து நிற்கும்; பெட்டி எர்த் பக்கத்தை இணைத்தும் துண்டித்தும் அதனை இயக்குகிறது. ஐந்தாவது, பிற மின்னணுப் பெட்டிகளுடன் செய்தி பரிமாறும் பின்கள்.

பழைய வழக்கப்படி பல்பு கட்டிய சோதனை விளக்கால் இப்பின்களைத் தொடுவது தீங்கானது. விளக்கு இழுக்கும் மின்னோட்டம் பெட்டியின் உட்பகுதியைச் சேதப்படுத்தக்கூடும். டிஜிட்டல் மல்டிமீட்டரே இப்பணிக்கு உரிய கருவி.

குறியீடு கூறுவது என்ன?

பழுதைக் கண்டறியும் கருவியைப் பொருத்தியவுடன் குறியீடு தோன்றுகிறது. அதுவே போதாதா என்ற வினா எழலாம். பி 0118 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்வோர், எஞ்சினின் வெப்பத்தை அளக்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு செய்வது வழக்கம். குறியீடு கூறுவதோ, அந்தச் சுற்றில் மின்னழுத்தம் அதிகமாக உள்ளது என்பது மட்டுமே. சென்சாரின் உட்பகுதி அறுந்தாலும், வழியில் கம்பி அறுந்தாலும், பின்னில் பச்சைக் களிம்பு ஏறினாலும் அதே குறியீடுதான் வரும்.

உண்மையை அறிய எளிய வழி உண்டு. இரண்டு கம்பிகள் உடைய அந்தச் சென்சாரின் இணைப்பைக் கழற்றி, கம்பிப் பக்கத்து முனைகள் இரண்டையும் சிறு கம்பியால் இணைக்க வேண்டும். கருவியில் வெப்ப அளவு உச்சத்துக்குத் தாவினால், கம்பியும் பெட்டியும் நலமாக உள்ளன. குறை சென்சாரில் உள்ளது. அளவு மாறாவிடில், கம்பியையோ பின்னையோ முதலில் ஆராய வேண்டும்.

எர்த் இணைப்பின் சோதனையும் இத்தகையதே. எஞ்சின் நிற்கும்போது ஓம் அளவில் பார்த்தால், ஓர் இழை மட்டும் எஞ்சிய கம்பியும் நல்ல கம்பியாகவே தோன்றும். எஞ்சின் ஓடும்போது பாட்டரியின் எதிர்முனைக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். அது ஏறத்தாழ 0.1 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் இணைப்பு பழுதாகியுள்ளது என்று கொள்ளலாம்.

பின் எண்கள் வாகனத்துக்கு வாகனம் மாறுபடுவதால், அந்தந்த வாகனத்துக்குரிய வரைபடம் இன்றியமையாதது. மேலும், இணைப்பியை முகப்பிலிருந்து பார்ப்பதற்கும் கம்பி நுழையும் பக்கத்திலிருந்து பார்ப்பதற்கும் இடவலம் மாறிவிடும். இதைக் கவனியாதவர் நல்ல கம்பியைப் பழுதெனக் கருதி வெட்டிவிடக்கூடும்.

செய்ய வேண்டுவன

பத்து நிமிடச் சோதனை தெரியாமையால் நல்ல பெட்டி தூக்கி எறியப்படும்போது, ஒரு டாக்ஸி ஓட்டுநரின் சேமிப்பு கரைகிறது. பழுது பார்த்தவரும் வாடிக்கையாளரின் நம்பிக்கையை இழக்கிறார். ஆயினும் குறை முழுவதும் தொழிலாளியுடையது அன்று. வரைபடம் கிடைக்காதவனிடம் வரைபடத்தைப் படிக்கச் சொல்வது பயனற்றது. தனிப் பணிமனைகளுக்கு உதிரி பாகங்களும் சோதனைக் கருவிகளும் கிடைக்காமல் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014இல், 14 கார் நிறுவனங்கள் தொடர்பான ஆணையில் கூறியது. அதன்மீது மேல்முறையீடுகள் எழுந்தன. பழுது நீக்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் நலத்துறை 2022இல் குழு அமைத்தபோது, மோட்டார் வாகனங்களும் அதன் வரம்பில் சேர்க்கப்பட்டன.

உரிமை கிடைத்தாலும் அதைப் பயன்படுத்தும் திறன் வேண்டும். தொழிற் பயிற்சி நிலையங்களில் ஒவ்வொரு மாணவனும் ஒரு வாகனத்தின் பின் அட்டவணையைத் தன் கையால் வரைந்து, ஒவ்வொரு பின்னையும் மல்டிமீட்டரால் அளந்து குறிக்கும் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். பணியிலுள்ள தொழிலாளருக்கு மாலை நேர வகுப்புகள் தேவை. வரைபட விளக்கங்கள் மாநில மொழிகளில் வெளிவர வேண்டும். இதற்காகும் செலவு சிறிது. கார்பரேட்டரைச் செவியால் அறிந்த தலைமுறை கம்பியின் மொழியையும் கற்றுக்கொள்ளும். அதற்கு வாய்ப்பளிப்பது பயிற்சித் துறையின் கடமையாகும்.