அடக்குமுறையும் மக்கள் எழுச்சியும்: காசிப்பூர் தரும் படிப்பினை

அடக்குமுறை போராட்டத்தை வளர்க்கும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. வரலாறு அதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. 1974 மே 8 அன்று தொடங்கிய ரயில்வே வேலைநிறுத்தத்தை இந்திரா காந்தி அரசு கைதுகளாலும் பணிநீக்கங்களாலும் எதிர்கொண்டது. தொழிலாளர் குடும்பங்களைக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றியது. 20 நாட்களில் வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டே அவசரநிலை வந்தது. பலமான அடி விழும்போது இயக்கம் பின்வாங்க நேரிடலாம் என்பதை மறைத்துப் பயனில்லை.

அவ்வாறாயின், 2021 ஜனவரி 28 இரவு தில்லியின் காசிப்பூர் எல்லையில் நிகழ்ந்தது என்ன? குடியரசு நாளன்று செங்கோட்டையில் நடந்தவற்றைச் சாக்காகக் கொண்டு, விவசாயிகளை அப்புறப்படுத்தக் காவல்படை குவிக்கப்பட்டது. மின்சாரமும் குடிநீரும் துண்டிக்கப்பட்டன. கூட்டம் கரையத் தொடங்கியிருந்தது. ராகேஷ் திகைத் கண்ணீருடன் வெளியேற மறுத்த காட்சி கைபேசிகளில் பரவியது. அன்றிரவே மேற்கு உத்தரப்பிரதேசக் கிராமங்கள் புறப்பட்டன. நீரை நிறுத்திய அரசுக்கு, ஊரிலிருந்து நீரைக் கொண்டுவந்து விவசாயிகள் விடையளித்தனர். மறுநாள் முசாபர்நகர் மகாபஞ்சாயத்தில், 2013 கலவரத்தால் பிளவுண்டிருந்த ஜாட், முஸ்லிம் விவசாயிகள் ஒன்றுகூடினர்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை வெறும் துணிச்சலில் தேடக்கூடாது; ரயில்வே தொழிலாளர்களும் துணிந்தே நின்றார்கள். 2021இல் களத்துக்குப் பின்னால் ஊர் இருந்தது. வீடுகளிலிருந்து மாவும் பாலும் வந்தன; ஒருவர் அறுவடைக்குத் திரும்பினால் மற்றொருவர் அவரிடத்தில் அமர்ந்தார். பல சங்கங்கள் ஐக்கிய விவசாயிகள் முன்னணியாக ஒரே குரலில் பேசியதால், எந்தவொரு தலைவரைப் பிடித்தும் இயக்கத்தை முடக்க இயலவில்லை. சாலையில் ஆணிகள் பதிக்கப்பட்டன, இணையம் முடக்கப்பட்டது, அக்டோபர் 3 அன்று லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் மீது வாகனம் ஏற்றப்பட்டது. ஆயினும் இயக்கம் சிதறவில்லை. நவம்பர் 29 அன்று மூன்று வேளாண் சட்டங்களையும் நாடாளுமன்றம் ரத்து செய்தது.

ஆகவே, தோழர்களே, தடியடி தானாக எவரையும் திரட்டுவதில்லை. அடி விழுவதற்கு முன்பே கட்டப்பட்டிருக்கும் ஒற்றுமைதான், அச்சத்தைச் சினமாகவும் சினத்தை அமைப்பாகவும் மாற்றுகிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் இன்னும் கிட்டவில்லை. அடுத்த களத்துக்கான பணி, அமைதி நிலவும் இன்றைய நாட்களில், கிராமந்தோறும் தொடங்கப்பட வேண்டும்.