சித்தப்பாவின் மிளகுக் காசும் ஒரு கேமிங் லேப்டாப்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகப் பேச்சு சற்றே திருத்தப்பட்டிருக்கிறது.)

நீங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கிற கேள்விதான் இன்னைக்கு. "ப்ரோ, 80,000 ரூபாய்க்குள்ள ஒரு கேமிங் லேப்டாப் சொல்லுங்க." நான் மாடல் பேர் எதுவும் சொல்லப்போறதில்லை. மாடல் மாறிக்கிட்டே இருக்கும், விலை அதைவிட வேகமா மாறும். அதுக்குப் பதிலா, 2025 ஜூன்ல எங்க வீட்ல ஒரு லேப்டாப் வாங்கின கதையைச் சொல்றேன். எங்க சரியாப் பண்ணோம், எங்க கோட்டை விட்டோம், ரெண்டும் இதுல இருக்கு.

எனக்கு ஏற்காடு. நாகலூர் பக்கம் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், சில்வர் ஓக் மரங்கள்ல மிளகுக் கொடி. அவர் பையன் சேலத்துல இன்ஜினியரிங் சேரப்போறான், ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கப்போறான். அந்த வருஷ மிளகு வித்த காசுல 80,000 எடுத்து வெச்சுட்டு சித்தப்பா எனக்கு போன் பண்ணாரு.

"கண்ணு, நீதான் பாத்து வாங்கித் தரணும். நாலு வருஷம் ஓடணும். நடுவுல இன்னொண்ணு வாங்க என்னால ஆகாது."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா, நானே ஒரு தடவை ஏமாந்தவன்.

நான் ஏமாந்த கதை

என் முதல் கம்ப்யூட்டர், தமிழ்நாடு அரசு 2011-ல ஆரம்பிச்ச விலையில்லா லேப்டாப் திட்டத்துல வந்தது. அதுல ஜிடிஏ வைஸ் சிட்டி தட்டுத்தடுமாறி ஓடினப்போ கிடைச்ச சந்தோஷம் இருக்கே, அது வேற லெவல். அதனால 2021-ல முதல் சம்பளக் காசுல சொந்தமா வாங்கும்போது, பெட்டி மேல "ஆர்டிஎக்ஸ் 3050"னு பாத்த உடனே கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டேன். மெல்லிசா, அழகா இருந்துச்சு. டிசம்பர்ல ஏற்காட்டுல, ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஆடினேன். சூப்பரா ஓடுச்சு.

ஏப்ரல்ல சேலத்துல ரூம் எடுத்துத் தங்கினேன். அதே கேம், அதே செட்டிங். பத்து நிமிஷத்துல ஃபேன் மாவு மில் மாதிரி கத்துது, கேம் விக்கி விக்கி நிக்குது. கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். கெடல. மலை மேல அறை 18 டிகிரி, கீழே 36 டிகிரி. அறை எவ்வளவு சூடாகுதோ கிட்டத்தட்ட அதே அளவு சிப்பும் சூடாகும். சூடு எல்லை தாண்டினா அது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும்.

இதுல ஒரு வேடிக்கை. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். காத்து கீழே இருக்கிறதைவிடக் கொஞ்சம் மெல்லிசு, அதனால ஃபேன் தள்ளுற காத்தோட பலமும் குறையும். ஆனா குளிர் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிடுது. அதனாலதான் நான் ஏமாந்தேன். மலையில டெஸ்ட் பண்ணிட்டு சமவெளியில குடித்தனம் நடத்தினேன்.

தம்பியும் அதையேதான் பண்ணப்போறான். வீடு மலையில, ஹாஸ்டல் சேலத்துல.

பேர் முக்கியமில்லை, வாட்டைப் பாருங்க

ஒரே பேர் இருக்கிற ரெண்டு கிராபிக்ஸ் சிப் ஒரே வேகத்துல ஓடணும்னு அவசியமில்லை. ஆர்டிஎக்ஸ் 4050-ஐ எடுத்துக்கோங்க. லேப்டாப் கம்பெனி அதை 35 வாட்லயும் ஓட வைக்கலாம், 115 வாட்லயும் ஓட வைக்கலாம். ஸ்டிக்கர் ஒண்ணுதான். ஆனா ஒண்ணு குதிரை, இன்னொண்ணு குதிரை படம். நான் வாங்கினது படம்.

கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது? வெப்சைட்ல பொடி எழுத்துல "டிஜிபி"ன்னு ஒரு வாட் கணக்கு இருக்கும், அதைத் தேடுங்க. கடையில மெஷின் ஆன்ல இருந்தா, என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தாலே அதிகபட்ச வாட் தெரியும். அதுவும் முடியலையா, சார்ஜரைத் தூக்கிப் பாருங்க. செங்கல் மாதிரி கனமா, 200 வாட்டோ அதுக்கு மேலயோ இருந்தா நல்ல அறிகுறி.

அடுத்தது கிராபிக்ஸ் மெமரி. 4 ஜிபி இனிமே வேண்டாம். 6 கட்டாயம், 8 கிடைச்சா நாலு வருஷத்துக்குக் கவலை குறைவு. ஸ்கிரீனுக்கு "45 சதவீதம் என்டிஎஸ்சி"ன்னு போட்டிருந்தா நிறம் வெளுத்துத் தெரியும். "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி"ன்னு இருக்கிறதைத் தேடுங்க.

ஏன் இந்த மூணையும் அழுத்திச் சொல்றேன்னா, சிப், ஸ்கிரீன், சூட்டை வெளியே தள்ளுற அமைப்பு, இதையெல்லாம் பிற்பாடு மாத்தவே முடியாது. எஸ்எஸ்டி, ரேம் எல்லாம் பெரும்பாலும் மாத்தலாம். மாத்த முடியாததுக்கு முதல்ல காசைப் போடுங்க. என் மொத்த ஆலோசனையும் இந்த ஒரு வரிதான்.

பாதி பாதி

"இதே காசுக்கு டெஸ்க்டாப் வாங்கினா இன்னும் வேகமா ஓடுமே?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். ஆனா வாராவாரம் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குற பையனுக்கு அது சரிப்படாது. எங்க ஊர்ல இடி மழை வந்தா கரண்ட் போறதும் சகஜம், லேப்டாப்னா செஞ்ச வேலையாவது தப்பிக்கும். ஆனா ஒண்ணு, பேட்டரியில கேம் ஆடலாம்னு கனவு காணாதீங்க. வயரைப் பிடுங்கின உடனே வேகம் பாதாளத்துக்குப் போயிடும்.

வாங்குறதுக்கு முதல் நாள் ராத்திரி, வீட்ல எல்லாரும் உக்காந்திருக்கோம். சித்தப்பா தம்பியைக் கேட்டாரு: "இதுல படிப்பு எவ்வளவு, வெளையாட்டு எவ்வளவு?"

அவன் என்னைப் பாத்தான். நான் வாயைத் திறக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாதி பாதிப்பா"ன்னான்.

சித்தப்பா சிரிச்சிட்டாரு. "முழுசும் படிப்புன்னு சொல்லியிருந்தா காசைத் திருப்பி உள்ள வெச்சிருப்பேன்."

அந்தப் பதில்தான் எங்களுக்குப் பட்ஜெட் போட்டுக் கொடுத்துச்சு. "பாதின்னா என்ன கேம்?"னு கேட்டேன். வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் பிளெண்டர்ல 3டி கத்துக்கணும்னான். வேலரண்ட் சாதாரண லேப்டாப்லயே ஓடும். ஆனா பிளெண்டர் ரெண்டருக்கு நல்ல என்விடியா சிப் உதவும். ஆக, 4060-க்காகக் கடன் வாங்கவும் வேண்டாம், 3050-ல முடிச்சுக்கவும் வேண்டாம்.

முழு வாட்ல ஓடுற 4050, முந்தின வருஷ மாடல், தடியான உடம்பு, கிட்டத்தட்ட 2.4 கிலோ. அழகு ரெண்டாம்பட்சம். மிச்சக் காசுல வாரண்டியை மூணு வருஷம் ஆக்கினோம். வாங்குறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு போன் பண்ணி, "636601-க்கு வீட்டுக்கு வந்து பாப்பீங்களா?"ன்னு கேட்டேன். மலை ஏறமாட்டாங்க, சேலம் விலாசம் கொடுங்கன்னாங்க. ஹாஸ்டல் விலாசம் கொடுத்தோம். உங்க பின்கோடுக்கும் இதைக் கேட்டுட்டு வாங்குங்க. அப்புறம் ஒரு நல்ல ஸ்பைக் கார்டு. இடி இடிச்சா அதையும் நம்பாம பிளக்கைப் பிடுங்கிடணும்.

நான் கோட்டை விட்டது

16 ஜிபி ரேம் ஒரே குச்சியா வந்துச்சு. ரெண்டு குச்சியா இருந்தாத்தான் கேம்ல முழு வேகம் வரும். "தீபாவளிக்கு இன்னொண்ணு போட்டுக்கலாம்டா"ன்னு சொன்னேன். 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி அள்ளிட்டுப் போனதுல ரேம் விலை எகிறிடுச்சு. தம்பி இன்னும் ஒரே குச்சியிலதான் ஓட்டுறான். "அப்புறம் போட்டுக்கலாம்"ங்கிற ஆலோசனையை இப்ப நான் திருத்திக்கிறேன்: போட ஸ்லாட் இருக்கான்னு பாருங்க, அதோட வாங்கும்போதே ரெண்டு குச்சியா வருதான்னும் கேளுங்க.

இந்த ஏப்ரல்ல அவன் ஹாஸ்டல்ல இருந்து ராத்திரி போன் பண்ணான். பின்னாடி ஃபேன் சத்தம் நல்லாக் கேக்குது. எனக்குப் பக்குனு ஆச்சு. "என்னடா, நிக்குதா?"

"இல்லண்ணா, கத்துது. ஆனா ஓடுது."

எனக்கு அது போதும். சித்தப்பாவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: இன்னும் மூணு வருஷம் பாக்கி, தாங்கும்.

நீங்க வாங்குறதுக்கு முன்னாடி, வாங்குற கடையை மறந்துட்டு, அதை வெச்சு ஆடப்போற அறையை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. ஏசி இருக்கா, ஃபேன் மட்டுமா, மே மாசம் எப்படி இருக்கும்? கடையில எப்பவும் ஏசி போட்டிருப்பாங்க. அடுத்த வாரம் பாக்கலாம் மக்களே.