மனநோயுற்றாரும் அவர்தம் மனையோரும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி நிதி, மாணவர் விடுதி, திருமண மண்டபம் ஆகியன பற்றி இம்மன்றத்திற் பலர் பலகாலும் பேசியுள்ளனர். இன்று யாம் பேசப் புகும் பொருள் அத்தகையதன்று. ஒரு வீட்டில் ஒருவர்க்கு மனநோய் கண்டால் அவ்வீட்டார் அனைவரும் படும் பாடே அது.

காய்ச்சலென்றால் உறவினர் பழமும் கையுமாக வந்து வினவுகின்றனர். மனம் நோயுற்றதென்றாலோ வீட்டார் கதவைச் சாத்துகின்றனர். உறவினரும் அதனைத் தட்டுவதில்லை. காரணம் யாவரும் அறிந்ததே. வீட்டில் மணமாகாத பெண்ணொருத்தி இருப்பாள். "அக்குடும்பத்திற் பித்து உண்டு" என்னும் சொல் வெளிப்பட்டால் வரன் தட்டிப்போமென்று அஞ்சுகின்றனர். அச்சொல்லைப் பரப்புவோர் அயலாரல்லர், நம் உறவின்முறையாரே. இதனை வருத்தத்தோடு கூறுகின்றோம்.

எம் வகுப்பிற் பயின்ற மாணவனொருவன் நாடோறும் முதற் பாடவேளையில் உறங்கி விழுவான். உசாவியபோது, தமையன் இரவெல்லாம் துயிலாது கூடத்தில் உலாவுவதும், அவன் வெளியே போய்விடாதபடி தாயும் இவனும் முறைவைத்து வாயிலிற் படுப்பதும் தெரியவந்தன. உறக்கமிழந்தோர் மூவர், மருத்துவமனைச் சீட்டிலோ ஒரு பெயரே இருந்தது.

கைசோர்ந்த குடும்பம் எங்ஙனம் முடிவு செய்யும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையின் ஓடவியலாது 28 பேர் மாண்டனர். அவர்களை ஆண்டு விட்டுச் சென்றோர் கொடியரென்று சொல்லிவிடல் எளிது. பல்லாண்டு தனியே சுமந்து ஓய்ந்தோரும் அவருள் இருந்திருப்பர் என்பதே எம் துணிபு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை முற்றும் விலக்கியது, நன்று. ஆயினும் அச்சட்டம் ஒரு தாய்க்கு ஓரிரவு உறக்கம் தரமாட்டாது. அது சுற்றத்தார் தரவேண்டுவது.

நிற்க. இலண்டனில் ஜார்ஜ் பிரௌன் முதலியோர் 1972இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று ஈண்டுக் கருதத்தக்கது. மனச்சிதைவு தணிந்து வீடு திரும்பியோரை அவர் ஒன்பது திங்கள் கவனித்தனர். ஓயாத குறைகூறலும் பகைமையும் அளவிறந்த தலையீடும் உள்ள மனைகளுக்குச் சென்றோருள் நூற்றுக்கு 58 பேர்க்கு நோய் மீண்டது. ஏனைய மனைகளில் 16 பேர்க்கே மீண்டது. இது கேட்டுத் தாயைப் பழிக்கப் புகுவார் உளர். அது பிழை. இரவும் பகலும் தனியே காவலிருப்பவள் வாயிற் கடுஞ்சொல் பிறத்தல் இயல்பே. அவள் சுமையைக் குறைப்பின் அச்சொல்லும் குறையும். நோயாளிக்கும் அதனால் நலமுண்டு.

இதனை முன்னரே உணர்ந்தவர் அமிர்தசரஸில் இருந்த மருத்துவர் வித்யாசாகர். அவர் 1950களில், நோயாளரோடு உறவினரையும் மருத்துவமனை வளாகத்திற் கூடாரமடித்துத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையத்திலும் உறவினர் உடனுறையும் முறை கைக்கொள்ளப்பட்டது. அருகிருந்து பார்த்தவர்க்கு நோயின் இயல்பு விளங்கும். மருந்தின் முறை தெரியும். தம்மைப்போல் வேறு குடும்பங்களும் உளவென்னும் ஆறுதலும் கிடைக்கும்.

யாம் வேண்டுவன சிறியனவே. ஞாயிறுதோறும் இரண்டு மணிநேரம் ஒருவர் சென்று நோயாளியோடு அமர்ந்தால், தாய் கடைக்கோ கோயிலுக்கோ போய்வருவாள். மருத்துவமனைக்கு உடன்செல்ல ஒரு மாமனோ சிற்றப்பனோ வேண்டும். தம்பி தங்கையர் பரீட்சைக் காலத்தில் அத்தை வீட்டிலிருந்து படிக்கலாம். விருந்துக்கு அழைக்கையில் நோயாளியையும் பெயர் சொல்லி அழையுங்கள். மந்திரிப்பும் வேண்டுதலும் செய்வார் செய்க. அதன்பொருட்டு மாத்திரையை நிறுத்தற்க. "இன்னுமா மாத்திரை?" என்று பந்தியிற் கேட்கும் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம்: நீரிழிவுக்குத் தாங்கள் உண்ணும் மாத்திரையை யாரும் அங்ஙனம் கேட்பதில்லை.

2022ஆம் ஆண்டு அரசினர் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் பேசலாம், நோயாளியே பேசவேண்டுமென்பதில்லை, வீட்டாரும் பேசலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் தரவல்லார் இன்று கலையுமுன் தம் பெயரைக் காரியதரிசியிடம் கொடுக்க வேண்டுகின்றோம். உதவி வேண்டும் வீட்டாரின் பெயர் எக்குறிப்பேட்டிலும் எழுதப்படமாட்டாது.