எம்டன் என்றொரு சொல்

குவைத் அப்பாசியாவிலிருந்து, இரவுப் பணி முடித்த கையோடு பேசுகிறேன்.

என் மகன் கணினியில் கடற்போர் விளையாடுகிறான். "கப்பல் பேரென்னடா?" என்றேன். "எம்டன்மா" என்றான். சிரித்துவிட்டேன். பொல்லாத கெட்டிக்காரனை எங்கள் பாட்டி அப்படித்தான் சொல்லுவார்: "அவன் சரியான எம்டன்!"

எம்டன் ஒரு ஜெர்மானிய இலகுரகப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு வந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனித் தொட்டிகளின்மேல் நூற்றுக்கும் அதிகமான குண்டுகளைப் பொழிந்தது. எண்ணெய் பற்றி எரிந்தது. ஜனங்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நவம்பர் 9இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதன் கதையை முடித்தது. சொல் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

அன்று சென்னையில் குறைந்தது ஐந்து பேர் இறந்தார்கள். சுட்ட கப்பலின் பெயர் நம் நாக்கில் இருக்கிறது. செத்தவர்களின் பெயர் ஒன்றுகூட இல்லை.

நான் தீக்காய வார்டில் வேலை பார்த்தவள். கட்டுப் பிரிக்குமுன் நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். படுக்கை எண்ணைச் சொன்னால் அந்த வலிக்கு மரியாதை இல்லை. 1991இல் எண்ணெய்க் கிணறுகள் எரிந்த இந்த மண்ணில் இருந்துகொண்டு கேட்கிறேன்: நம் கதைகளில் கப்பலுக்குப் பெயர் வைக்கிறோமே, கரையில் நின்றவனுக்கு வைக்கிறோமா?